மெட்டல் ரோடும் தோல் பூட்ஸும்

எங்கள் பக்கத்தில் அப்போது ரோடு மூன்று வகை. மண் ரோடு, மெட்டல் ரோடு, தார் ரோடு. மெட்டல் என்றால் இரும்போ பித்தளையோ இல்லை. கருங்கல்லை உடைத்த ஜல்லிக்குத்தான் அந்தப் பெயர். ஜல்லியைப் பரப்பி, மேலே செம்மண் தூவி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி இறுக்கினால் அது மெட்டல் ரோடு. வெள்ளைக்கார இன்ஜினியர்கள் சொல்லிச் சொல்லி ஓவர்சீயர் வாய்க்கு வந்து, அங்கிருந்து மேஸ்திரி வாய்க்கு வந்து, கடைசியில் கூடை தூக்கும் பெண்கள் வரைக்கும் வந்துவிட்ட வார்த்தை அது. நான் எட்டாவது வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் மெட்டல் என்றால் உலோகம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். ரோட்டு வேலைக்குப் போன முதல் நாள் "ரெண்டு கூடை மெட்டல் கொண்டாம்மா" என்றதும் எதைத் தூக்குவது என்று தெரியாமல் நின்றேன். பக்கத்தில் இருந்த அக்கா ஜல்லிக் குவியலைக் காலால் காட்டினாள். அதோடு விளங்கிவிட்டது.

ஊரிலும் அந்த வார்த்தை நன்றாகப் புழங்கியது. பெண் கேட்டு வருகிறவர்கள், "உங்க ஊருக்கு மெட்டல் இருக்குதா?" என்று விசாரிப்பார்கள். மழைக் காலத்தில் கல்யாண வண்டி சேற்றில் இறங்காமல் வந்து சேருமா என்று அதற்கு அர்த்தம். பஸ் கண்டக்டர், "மெட்டல் முடிஞ்சிச்சு, கெட்டியா புடிச்சுக்கோங்க" என்று குரல் கொடுத்தால் இனி மண் ரோடு, தூக்கிப் போடும் என்று தெரிந்துகொள்வோம். இப்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. தார் வந்த பிறகு எல்லாமே வெறும் ரோடு ஆகிவிட்டது. ஜல்லி தாருக்கு அடியில் போனது போல அந்த வார்த்தையும் அடியில் போய்விட்டது.

எனக்கு அது மறக்காததற்குக் காரணம் உண்டு. மெட்டல் ரோடு தார் ரோடாக மாறிய அந்த வெயில் காலத்தில்தான் என் வீட்டுக்காரரின் பிழைப்பு போகுமா நிற்குமா என்று ஆகிவிட்டது.

நான் பிறந்து வளர்ந்தது வாணியம்பாடி. என் அப்பா பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலை செய்தார். நாங்கள் அவரை நைனா என்று கூப்பிடுவோம். பட்டைச் சாற்றில் ஊறிப் பதமாகி வந்த தோலைப் பலகை மேல் போட்டு, மேடு பள்ளம் இல்லாமல் கத்தியால் செதுக்குவது அவருடைய வேலை. கூரைக்கு அடியில், உலர்ந்த இடத்தில், கை நிதானம் உள்ளவர்களுக்கு மட்டும் கிடைக்கிற வேலை. எனக்குக் கல்யாணமானதும் அப்பாவே சூப்பர்வைசரிடம் சொல்லி என் வீட்டுக்காரரை அங்கே சேர்த்துவிட்டார்.

புதிதாக வருகிறவர்களைச் சுண்ணாம்புக் குழியில் விடுவார்கள். எந்த டேனரிக்குப் போனாலும் அதுதான் ஆரம்பம். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் முடி கழன்று வரும். அந்தத் தோலைக் குழியில் இறங்கிப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிலருக்கு அது பழகிப்போகும். இவருக்குப் பழகவில்லை. விரல் இடுக்கெல்லாம் வெந்து பிளந்து, நகத்தைச் சுற்றிப் புண் வைத்துவிட்டது. ஆறினால் மறுபடி குழி, மறுபடி புண். ஒரு வருஷம் போலத் தாங்கிப் பார்த்தார். பிறகு ஒரு நாள் விரலை மடக்கவே முடியவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு, ரோட்டு வேலை செய்யும் ஒரு கும்பலில் சேர்ந்துகொண்டார். பின்னாலேயே நானும் கூடை தூக்கப் போனேன். வேலை நடக்கிற பக்கமாக வீட்டையும் மாற்றிக்கொண்டோம்.

அப்பாவுக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"நான் வாங்கிக் குடுத்த வேலைய வுட்டுட்டு கல்லு பொறுக்கப் போய்ட்டான்" என்று அம்மாவிடம் சொன்னாராம். "தோலுன்னா ஆரம்பத்துல கை வேகத்தான் செய்யும். எனக்கு வேகலையா?"

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் போனாலும் இவரிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார். இவரோ கூச்சத்தில் என்னையும் மிஞ்சியவர். போய்த் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, எழுந்து வந்துவிடுவார். ஆனால் கை ஆறிவிட்டது. அது ஒன்று எனக்குப் போதும் என்றிருந்தேன்.

ஆலங்காயம் ரோட்டில் தார் போடும் வேலை வந்தபோது இவருக்கு பிரஷ் ஆள் வேலை கிடைத்தது. தகரப் பீப்பாயில் தாரைக் கொதிக்க வைத்து, வாளியில் மொண்டு வந்து மெட்டல் மேல் ஊற்றுவார்கள். ஊற்றிய தாரை நீளக் கழியில் கட்டிய நார் பிரஷ்ஷால் இழுத்துப் பரப்ப வேண்டும். அதன் மேல் பொடி ஜல்லியைத் தூவினால் ரோலர் வந்து மிதிக்கும். ஊற்றுகிறவன் ஊற்றிவிட்டு விலகிவிடலாம். பிரஷ் ஆள் தாரின் நடுவிலேயே நிற்க வேண்டும். பாதத்திலிருந்து முழங்கால் வரை சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். ரோட்டோரத்தில் பாதியாக வெட்டிய பீப்பாயில் தண்ணீர் இருக்கும். சூடு ஏறியதும் ஓடிவந்து அதில் காலை முக்கிவிட்டுத் திரும்பப் போய் நிற்பார்கள். நாளெல்லாம் இதே ஓட்டம்தான். பீப்பாயில் கால் முக்குவது எல்லோருக்கும் மூச்சு விடுவது போல ஆகிவிட்டிருந்தது.

தொடங்கிய சில நாளில் வாளியிலிருந்து தெறித்த தார் இவருடைய சாக்கு இடுக்கில் புகுந்து கணுக்காலைச் சுட்டுவிட்டது. கால் வீங்கி, அன்று மாலை வரை புளிய மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி கெட்டவர் இல்லை. ஆனால் மழைக்கு முன்னால் வேலையை முடித்தாக வேண்டும் என்று ஓவர்சீயர் அவரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார்.

"இத பாருப்பா, இன்னொரு தபா சுட்டுக்கினு உக்காந்தீன்னா நான் வேற ஆள் போட்டுக்குவேன். அப்புறம் பேஜார் பண்ணக் கூடாது."

இவர் தலையை ஆட்டினார். அன்று ராத்திரி சாப்பிடும்போது, ரோட்டு வேலை போனால் மறுபடி குழிதான் என்று மட்டும் சொன்னார். நான் அடுத்த தடவை அம்மா வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அப்பா கேட்ட முதல் கேள்வி, "கால்ல இன்னா கட்டிக்கிறான்?"

"சாக்கு" என்றேன்.

"சாக்கா?" என்றார். "ஊரு பூரா தோலு. இவன் சாக்கு கட்டிக்கினு நெருப்புல நிக்கிறானா?"

டேனரியில் கழித்துப்போட்ட எருமைத் தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். இளவயதில் செருப்புத் தைத்த கை அவருடையது. அடிக்கு எருமைத் தோலை இரண்டு மடிப்பாக வைத்து, மேலே ஆட்டுத் தோலால் முழங்கால் வரை ஏற்றி, தோல் வாரையே கோத்துக் கட்டுகிற மாதிரி ஒரு ஜோடி பூட்ஸ் தைத்தார். அப்பா இருந்த தெருவில் முக்கால்வாசி வீடுகள் தோல் வேலை செய்கிறவர்கள் வீடு. ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வாரை இன்னும் இழுத்துத் தைக்கச் சொன்னார். ஒருவர் புங்க எண்ணெய் பூசச் சொன்னார். டேனரியில் கணக்குப் பார்த்த ஒரு பாய் பூட்ஸைத் தட்டிப் பார்த்து, "இதப் போட்டுக்கினு நெருப்புலயே நடக்கலாம், தோஸ்த்" என்றார். தோலைப் பற்றித் தெரியாதவர் ஒருவர்கூட அந்தத் தெருவில் இல்லை.

அப்பா பூட்ஸை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபித்துக்கொண்டு போனவர் வந்தது அன்றுதான். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே இவரிடம் நீட்டினார்.

"மாப்ள, கால வுட்டுப் பாரு."

இவர் போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. அளவு யாரிடமும் கேட்கவில்லை, பார்த்தே வைத்திருக்கிறார்.

"கால எங்கனா இறுக்கிப் புடிக்குதா?"

"இல்ல மாமா. நல்லா இருக்குது."

"ரெண்டு நாள் கழிச்சு வந்து பாக்கறேன். எண்ணெ போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் அந்த பூட்ஸைக் கழற்றாமல் வீட்டுக்குள் கொஞ்ச நேரம் நடந்துகொண்டிருந்தார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். கும்பல் சும்மா இருக்குமா?

"ஏண்டி, உன் ஊட்டுக்காரரு பட்டாளத்துல சேந்துட்டாரா?" என்றாள் அந்த அக்கா. "சொல்லவே இல்ல."

"துரை வந்துட்டாரு, நாற்காலி போடுங்க" என்றான் வாளி ஊற்றுகிறவன்.

ரோலர் ஓட்டுகிற பாய் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்து சல்யூட் வைத்தார். இவர் வெட்கத்தில் தலையைத் தூக்கவே இல்லை. அன்றைக்கு தார் வேலை இல்லை, மெட்டல் பரப்புகிற வேலை மட்டும்தான். அதற்கு அடுத்த நாள் தார்ப் பீப்பாய்க்கு அடியில் தீ மூட்டினார்கள்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. மற்றவர்கள் தண்ணீர்ப் பீப்பாய்க்கு ஓடிக்கொண்டிருக்க, இவர் நின்ற இடத்தை விட்டு நகராமல் பிரஷ்ஷை இழுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியே வந்து குனிந்து பார்த்தார்.

"சுடலியா?"

"கம்மிதான் மேஸ்திரி."

"உங்க மாமனாரண்ட எனக்கும் ஒண்ணு சொல்லு."

வெயில் ஏறிய பிறகு எருமைத் தோலுக்குள்ளும் சூடு இறங்கிவிட்டது போலிருக்கிறது. இவர் பழக்க தோஷத்தில் பீப்பாய்க்குப் போய், பூட்ஸோடு இரண்டு காலையும் தண்ணீரில் முக்கிவிட்டு வந்து தாரில் நின்றார். எல்லோரும் செய்வதுதான். திரும்பவும் போய் முக்கினார். திரும்பவும் நின்றார்.

நான் பொடி ஜல்லி கொண்டுபோகிற வரிசையில் இருந்தேன். இவர் நடை மாறியிருப்பதைப் பார்த்தேன். முழங்காலை மடக்காமல் கட்டையில் நடப்பது போல நடந்தார். முகம் முழுக்க வேர்வை. கண் என்னமோ பஸ் வருகிற பக்கமே போய்ப் போய் வந்தது. அப்பா வருவதாகச் சொன்ன நாள் அது. மத்தியான பஸ்ஸுக்கு வந்துவிடுவார். அவர் வந்து பார்க்கிற வரைக்கும் பூட்ஸைக் கழற்றக் கூடாது என்று நிற்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆண்கள் நிற்கும் இடத்தில் சத்தம் போட்டுப் பேசி எனக்குப் பழக்கமில்லை. மேஸ்திரியிடம் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அக்கா, அவுரப் பாரேன்" என்றேன்.

அவள் ஒரு தரம் பார்த்தாள். "மேஸ்திரி, ரோலர நிறுத்து. அந்த ஆளுக்கு இன்னமோ ஆவுது" என்று ரோடே கேட்கிற மாதிரி கத்தினாள்.

இரண்டு பேர் இவரைத் தூக்கி வந்து மரத்தடியில் உட்கார வைத்தார்கள். பூட்ஸைப் பிடித்து இழுத்தார்கள். வரவில்லை. தொட்டால் தோல் மாதிரியே இல்லை. கொட்டாங்கச்சி போல இறுகி, சுருங்கி, காலை உள்ளே பிடித்துவிட்டிருந்தது. கட்டியிருந்த வாரும் தோல்தானே. அதுவும் சுருங்கி முடிச்சு அவிழவில்லை. இவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பீப்பாத் தண்ணிய ஊத்துடா" என்றார் மேஸ்திரி. ஒருவன் வாளியோடு ஓடி வந்தான். பீப்பாயில் காலையிலிருந்து தார்க் காலாக முக்கி முக்கி அந்தத் தண்ணீரே கொதித்துப்போய் இருந்தது.

"ஊத்தாதீங்க."

அப்பா. பஸ் வந்து நின்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கையில் புங்க எண்ணெய் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தார். பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து பூட்ஸின் மேல் கையை வைத்தார்.

"தண்ணில வெச்சியா?"

"எல்லாரும் முக்குவாங்க, மாமா" என்றார் இவர்.

அப்பா இறுகிப்போன வாரை விரலால் நெருடினார். ஈரத் தோலைச் சூட்டில் காட்டினால் சுருங்கிவிடும் என்பது டேனரியில் வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். வெந்நீர்ப் பானை பக்கத்தில்கூடத் தோலை வைக்கமாட்டார்கள். அவருக்கும் தெரியும், தட்டிப் பார்த்த பாய்க்கும் தெரியும், வாரை இழுத்துத் தைக்கச் சொன்னவருக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் விற்கிற தோலைப் பற்றின நினைப்பு. காலில் போட்ட பிறகு அது தோல் என்றே யாருக்கும் தோன்றவில்லை.

"கத்தி யாராவது வெச்சிருக்கீங்களா?"

சாக்கு அறுக்கிற கத்தியைக் கொடுத்தார்கள். அப்பா அதைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துக்கொண்டார். தோலை வெட்டினால் உள்ளே கால் வெட்டுப்படும். அதனால் தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே வந்தார். எங்கே எத்தனை நெருக்கமாகப் போட்டோம் என்று அவருக்குத்தானே தெரியும். இரண்டு காலும் வெளியே வர நேரமாகிவிட்டது. உள்ளங்கால் பரவாயில்லை. மேல் பாதமும் விரல்களும் நசுங்கி, கொப்புளம் கட்டி, பார்க்க முடியவில்லை. அக்கா யாரோ வீட்டுக் குடத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் கொண்டு வந்து மெதுவாக விட்டாள்.

மேஸ்திரி மரத்தில் சாய்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்கு இவன் நிக்க மாட்டான். நான் இன்னா பண்றது? மாத்தாள் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா வேற ஆள்தான்."

ரோட்டுக் கும்பலில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. உடம்பு சரியில்லாமல் போனால் அண்ணன் தம்பி யாராவது மாத்தாளாக வந்து நிற்கலாம். நின்றால் இடம் அவனுடையதாகவே இருக்கும். இவருக்கு அண்ணன் தம்பி கிடையாது. பெண்களை பிரஷ் வேலைக்கு விடமாட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"நான் நிக்கறேன்" என்றார் அப்பா.

"உங்களுக்கு வயசு இன்னா, பெரியவரே?"

"நிக்கணும், அவ்ளோதான?"

"டேனரி வேலைய இன்னா பண்ணுவீங்க?"

"அத நான் பாத்துக்கறேன். சாக்கு எங்க இருக்குது?"

வாளி ஊற்றுகிறவன் சாக்கை எடுத்து வந்தான். எப்படிச் சுற்றிக் கட்டுவது என்று அவனே அப்பாவின் காலில் கட்டிவிட்டான். அன்று மத்தியானமே அப்பா தாரில் இறங்கிவிட்டார். இவர் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு மரத்தடியிலிருந்தே, "மாமா, முக்குங்க. இப்ப முக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா செதுக்குகிற கையால் பிரஷ்ஷைப் பிடித்து, ஒரு ஓரம் விடாமல் சுரண்டிச் சுரண்டி இழுத்தார்.

"பெரியவரே, இது தோலு இல்ல, ரோடு" என்றார் மேஸ்திரி. "இழுத்து வுட்டுக்கினு போங்க. தார் ஆறுதில்ல."

சாக்கு அரிக்கிறது என்று சாயந்திரம் ஒரு வார்த்தை சொன்னார். இவருடைய கால் ஆறுகிற வரைக்கும் அவர் எங்களோடுதான் இருந்தார். காலையில் எங்களோடு வருவார், பொழுது சாய்ந்தால் எங்களோடு திரும்புவார். டேனரிக்குச் சொல்லி அனுப்பியாயிற்றா என்று நான் கேட்டதற்கு, "ஆச்சு ஆச்சு" என்றார். இவர் திரும்பப் போய் நின்ற அன்று அப்பா ஊருக்குக் கிளம்பினார். இவருடைய இடம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு வேலை மும்முரத்தில் நாங்கள் கொஞ்ச நாள் வாணியம்பாடிக்குப் போகவில்லை. மழை பிடித்து வேலை நின்றபோது போனோம். அப்பா வீட்டில் இருந்தார். அம்மா எல்லோருக்கும் தட்டு வைத்தாள். அப்பா மட்டும் தனக்குப் பிறகு போதும் என்றார். பேசிக்கொண்டே சொம்பை எடுத்தவர் இரண்டு உள்ளங்கையாலும் அணைத்து எடுத்தார். விரல் படவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போய் அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"குழியா, மாமா?"

"ஆமா."

எங்களிடம் ஆச்சு என்றவர் டேனரியில் சொல்லவே இல்லை. அதற்குச் சூப்பர்வைசர் செதுக்குகிற பலகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அப்பாவைச் சுண்ணாம்புக் குழிக்கு அனுப்பிவிட்டார். சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் விட்டிருக்கமாட்டார்கள் என்று அம்மா சொன்னாள். போகும்போதே அவருக்குத் தெரியுமாம்.

"பழைய ஆளு. திரும்பக் குடுப்பாங்க" என்றார் அப்பா. "வேகத்தான் செய்யும். அப்புறம் ஆறிடும்."

"ஆறாது மாமா" என்றார் இவர். மாமனாரை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அம்மாவிடம் திரும்பி, "அத்தே, கொழம்பு வாணாம். மோரு ஊத்திக் குடுங்க, உப்பு போடாம. புண்ணுல உப்பு பட்டா உயிர் போய்டும்" என்றார். அம்மா எழுந்து போனாள். இவர் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"மழை வுட்டதும் ஜோலார்பேட்டை பக்கம் மெட்டல் வேலை இருக்குதாம். மேஸ்திரியண்ட கேக்கட்டுமா?"

அப்பா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லு பொறுக்கப் போய்ட்டான் என்று தெரு பூராவும் சொன்ன மனிதர். இவரும் விடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அம்மா மோர்ச் சோற்றைக் கொண்டு வந்து வைத்தாள்.

"கேளு" என்றார் அப்பா.

மழை விட்ட பிறகு மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஜோலார்பேட்டைக்குப் போனோம்.